ஆளுக்கொரு மூடி

போன வாரம் பட்டாணிக்குக் காய்ச்சல் வந்த இடத்தில் நிறுத்தினோம். நிறுத்தியது நாம்தான், காய்ச்சல் நிற்கவில்லை. அது தன் பாட்டுக்கு ஏறி இறங்கி, வீட்டிலிருந்த மூன்று பெரியவர்களையும் திங்கட்கிழமை காலையில் சிவந்த கண்ணோடு எழுப்பிவிட்டிருந்தது.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பட்டாணி என்பது அந்த வீட்டின் ஒரே குழந்தை. வயது ஒன்று முடிந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். அப்பா லிஃப்ட் மெக்கானிக். அம்மாவுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் கண்ணைச் சோதித்து, லென்ஸ் எடுத்துக் கொடுப்பாள். குழந்தை பிறந்ததிலிருந்து எடுத்த நீண்ட விடுப்பு முடிந்து, அன்றுதான் மறுபடி கடைக்குப் போகிறாள்.

மூன்றாவது ஆள் மெக்கானிக்கின் அக்கா. பெண்கள் பள்ளியொன்றில் மாலை வேளையில் கைப்பந்து பயிற்சி கொடுப்பவள். ஊரெல்லாம் அவளை கோச் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. அவள் குடியிருந்த இடத்தில் மேல்மாடிக் குழாய் வெடித்து, கட்டில் மெத்தையெல்லாம் நனைந்தபோது, “ரெண்டே வாரம்தான்” என்று ஒரு பெட்டியோடு தம்பி வீட்டுக்கு வந்தாள். அந்த இரண்டு வாரம் போய் எவ்வளவோ நாளாகிறது.

குழாயைச் சரிசெய்து, சுவருக்குச் சாயமும் அடித்து, வீட்டுக்காரர் சாவியைக் கொடுத்தாகிவிட்டது. அதை வாங்கி விளையாட்டுப் பையின் அடியில் போட்டுக்கொண்டு, “இன்னும் ஈரம் காயலையாம்” என்று கோச் சொல்லிக்கொண்டிருப்பது நமக்குத் தெரியும். வீட்டில் யாருக்கும் தெரியாது. தனியாகவே இருந்து பழகியவள். இங்கேயே இருக்கட்டுமா என்று கேட்டுப் பழகாதவள். பட்டாணியை விட்டுவிட்டுப் போகவும் மனம் வரவில்லை, வாயைத் திறந்து கேட்கவும் வரவில்லை.

இதற்கு நடுவில் கண்ணாடிக் கடைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு குழந்தைகள் காப்பகம் இருப்பதைத் தம்பி மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். நல்ல வெளிச்சமான இடமாம். “இந்த ஒரு வாரம் அண்ணி பார்த்துக்கட்டும். அப்புறம் முடிவு பண்ணலாம்” என்று புருஷனிடம் அவள் சொன்னது கோச்சின் காதில் விழுந்தது. கோச்சுக்கு அது தேர்வுப் போட்டி என்று புரிந்தது. தேர்வுப் போட்டியில் தோற்றுப் பழக்கமில்லாதவள் அவள்.

காலையில் சண்டை காய்ச்சல் மருந்திலிருந்து தொடங்கியது.

“டாக்டர் என்ன சொன்னார்? எண்ணைப் பார்க்காதீங்க, குழந்தையைப் பாருங்கன்னு சொன்னார்” என்றான் மெக்கானிக், குழந்தையை ஒரு கம்பளிக்குள் சுருட்டிக்கொண்டே. “பால் குடிக்கிறா, மூத்திரம் போறா, விளையாடறா. அப்ப மருந்து எதுக்கு? காய்ச்சல் தானா போகும்.”

“விளையாடறாளா?” என்றாள் மனைவி. “உங்க அளவு டேப்பைப் பிடிச்சுக்கிட்டு முனகறா. அதுக்குப் பேரு விளையாட்டா? சோர்ந்து போனா குடுங்கன்னும்தான் அவர் சொன்னார். பாதியை மட்டும் காதுல வாங்கிக்கிட்டு வந்துட்டீங்க.”

“நீ பயந்து பயந்து ஊத்துவ. உடம்பு கெட்டுப் போயிடும்.”

“முதல்ல அந்தக் கம்பளியை எடு” என்று கோச் உள்ளே புகுந்தாள். “காய்ச்சல் அடிக்கிற குழந்தைய யாராவது இப்படிப் பொட்டலம் கட்டுவாங்களா? சூடு எப்படிடா வெளிய போகும்?” கம்பளி உருவப்பட்டது. மெல்லிய சட்டையோடு பட்டாணி அத்தையின் தோளுக்குத் தாவினாள்.

“அக்கா, உனக்கும்தான் சொல்றேன். நான் சொல்லாம யாரும் மருந்துப் பாட்டிலத் தொடக்கூடாது.”

“நான் தொடல” என்றாள் மனைவி.

“நான் வாயையே திறக்கல” என்றாள் கோச். இதைச் சொல்ல வாயைத் திறந்துதான் ஆகவேண்டியிருந்தது.

ஆக, மூன்று பேரும் ஒப்புக்கொண்டார்கள். அந்த வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து ஒன்றை ஒப்புக்கொண்டால் நீங்கள் கொஞ்சம் கவலைப்பட வேண்டும்.

முதலில் மனைவி கிளம்பினாள். செருப்பு மாட்டியவள் திரும்பி வந்து, குழந்தையை ஒருதரம் தூக்கிக்கொண்டு சமையலறைப் பக்கம் போய்விட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். தாய் மனசு என்று கோச் நினைத்துக்கொண்டாள். கோச் குளித்துவிட்டு வருவதற்குள் மெக்கானிக்கும் தயாராகிவிட்டான். எங்கேயோ ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நிற்கிறதாம். குழந்தையைக் கையில் கொடுத்துவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்க்காமலே படியிறங்கி ஓடினான்.

வீடு அமைதியானது. அத்தையும் மருமகளும் தனியாக விடப்பட்டார்கள்.

கோச்சுக்கு அடிபட்டால் என்ன செய்யவேண்டும் என்பது தலைகீழாகத் தெரியும். கணுக்கால் பிசகினால் பனிக்கட்டி, மூக்கில் ரத்தம் வந்தால் தலையை முன்னால் குனிய வைத்து மூக்கைப் பிடிக்க வேண்டும், மயங்கினால் காலை உயர்த்த வேண்டும். ஆனால் அவளிடம் அடிபட்டு வருபவர்களெல்லாம், “கோச், இங்கதான் வலிக்குது” என்று சொல்லத் தெரிந்தவர்கள். பட்டாணிக்கு அது தெரியாது. பந்தை உருட்டினால் திரும்பிப் படுத்தாள். தண்ணீரைக் கரண்டியில் கொடுத்தால் வாயை இறுக்கிக்கொண்டாள். கன்னம் சிவந்து, கண் சொருகினாற்போல் இருந்தது. அத்தையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு “ம்ம்... ம்ம்...” என்று முனகினாள்.

அந்த முனகலில் கோச் உருகிப் போய்விட்டாள்.

தம்பியாவது, அவன் உத்தரவாவது! களத்தில் நிற்பவள்தானே முடிவெடுக்க வேண்டும்? குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையலறை அலமாரியைத் திறந்தாள். புது மருந்துப் பாட்டிலைக் காணவில்லை. மேல்தட்டு, கீழ்த்தட்டு, ஃப்ரிட்ஜ் கதவு, எங்கும் இல்லை. கடைசியில் மருந்து டப்பாவின் அடியில் ஒரு சின்னப் பாட்டில் அகப்பட்டது. படம் அதேதான்: சிரிக்கும் குழந்தை, பக்கத்தில் நிலா. எழுத்தோ எறும்பு ஊர்ந்தாற்போல் இருந்தது. கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தாள், ஜன்னல் பக்கம் காட்டிப் பார்த்தாள். எறும்புகள் நின்று பேசவில்லை.

இந்த எறும்புகளுக்காகவே தம்பி மனைவி அவளுக்கு ஒரு வாசிப்புக் கண்ணாடி செய்து கொண்டுவந்து கொடுத்திருந்தாள். “எதிர்க்கோர்ட்டுல லைன் மேல பந்து விழுந்தா இங்கிருந்தே சொல்லுவேன். எனக்கெதுக்கும்மா கிழவி கண்ணாடி?” என்று கோச் அதை உறை பிரிக்காமல் மேஜை டிராயருக்குள் தள்ளிவிட்டிருந்தாள்.

காய்ச்சல் மருந்துதான், சந்தேகமில்லை. கூடவே ஒரு சொட்டுக் குழாய் கிடந்தது. அதைத் தள்ளி வைத்துவிட்டு, டப்பாவில் கிடந்த ஓர் அளவு மூடியை எடுத்தாள். தம்பி மனைவி நேற்று மூடியில்தானே ஊற்றிக் கொடுத்தாள்? பாட்டிலில் மிச்சம் இருந்ததைக் கவிழ்த்தபோது மூடியில் முக்காலுக்குத்தான் வந்தது. பரவாயில்லை, கொஞ்சம் கம்மிதான் என்று சமாதானம் செய்துகொண்டு கொடுத்தாள். பட்டாணி ஒரு வாய் துப்பி, மீதியைக் குடித்தாள்.

அப்புறம் நடந்ததைப் பார்த்துத் தன்னைத்தானே தட்டிக்கொடுத்துக்கொண்டாள் கோச். குழந்தைக்கு வேர்த்தது, நெற்றி குளிர்ந்தது. ஒரு தூக்கம் போட்டு எழுந்து பழக்கூழ் சாப்பிட்டாள், தண்ணீர் குடித்தாள், பந்தைத் தூக்கி அத்தையின் மூக்கிலேயே எறிந்தாள். தேர்வுப் போட்டியில் முதல் செட் ஜெயித்தாகிவிட்டது.

மத்தியான இடைவேளையில் தம்பி மனைவி மூச்சிரைக்க வந்து நின்றாள். வாசலிலேயே குழந்தையின் சிரிப்பு காதில் விழ, அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள்.

“எப்படி அண்ணி? எப்படிச் சரியாச்சு?”

“கைப்பக்குவம்” என்றாள் கோச்.

குழந்தையை வாரி எடுத்து முத்தம் கொடுத்து, கழுத்தில் கைவைத்துப் பார்த்து, மறுபடி முத்தம் கொடுத்து, ஒருவழியாக ஓய்ந்த பிறகு தம்பி மனைவி குரலைத் தாழ்த்தினாள். வீட்டில் வேறு யாரும் இல்லாதபோதும் தாழ்த்தினாள்.

“உங்ககிட்ட மட்டும் ஒண்ணு சொல்றேன். அவர்கிட்ட சொல்லிடாதீங்க. காலையில கிளம்பறப்ப ஒரு மூடி மருந்து குடுத்துட்டுதான் போனேன். மனசு கேக்கல. அதான் காய்ச்சல் இறங்கியிருக்கு.”

கோச் பட்டாணியைத் திரும்பிப் பார்த்தாள்.

காலையில் ஒன்று. அப்புறம் தான் கொடுத்தது ஒன்று. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் நல்ல இடைவெளி வேண்டும் என்று டாக்டர் அடித்துச் சொல்லியிருந்தார். அது மட்டுமில்லை. அந்தப் பாட்டில் என்ன பாட்டில்? அதில் என்ன எழுதியிருந்தது?

பட்டாணி தரையில் உட்கார்ந்து அம்மாவின் கைப்பையைக் கொட்டிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். தேன் மாதிரி சிரிப்பு. இப்படிச் சிரிக்கிற குழந்தைக்கு என்ன வந்துவிடப் போகிறது? சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால் நாளைக் காலையில் அந்த வெளிச்சமான காப்பகம்தான். சாவியை எடுத்துக்கொண்டு, காய்ந்த வீட்டுக்குள் போய்த் தனியாக உட்கார வேண்டியதுதான்.

ஆனால் பந்து விரல் நுனியில் உரசிவிட்டு வெளியே போனால், நடுவர் பார்க்காவிட்டாலும் கையைத் தூக்க வேண்டும் என்று எத்தனையோ சிறுமிகளைக் கோச் வெயிலில் நிற்கவைத்துப் பாடாய்ப் படுத்தியிருக்கிறாள். அந்தச் சிறுமிகள் எல்லோரும் இப்போது சமையலறை வாசலில் வந்து நிற்பதுபோல் இருந்தது.

சமையலறைக்குப் போய்ச் சின்னப் பாட்டிலைக் கொண்டுவந்தாள்.

“நானும் குடுத்தேம்மா. நீ போனதுக்கு அப்புறம். இதுலேர்ந்து, முக்கால் மூடி. இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லு. எனக்குத் தெரியல. கண்ணு தெரியல எனக்கு.”

நாளெல்லாம் பிறருடைய கண்ணைச் சோதிப்பவள் பாட்டிலை வாங்கி ஒரே பார்வையில் படித்தாள். அவள் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியது.

“அண்ணி... இது கைக்குழந்தையா இருந்தப்ப வாங்கின சொட்டு மருந்து. சொட்டுக் கணக்குல குடுக்கறது. அந்தப் பெரிய பாட்டிலை விடப் பல மடங்கு கெட்டி. மூடியிலயா குடுத்தீங்க?”

“மூடியில.”

இரண்டு பேருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அது ஒரு நிமிஷம்தான். அடுத்த நிமிஷம் கோச் செருப்பை மாட்டிக்கொண்டாள். “பாட்டிலையும் மூடியையும் பையில போடு. பெரிய பாட்டில் எங்க?”

“அலமாரியில இல்லையா?”

“இல்லை. அதனாலதானே இதை எடுத்தேன்!”

தம்பி மனைவி புருஷனுக்கு ஃபோன் செய்து, ஒலிபெருக்கியில் போட்டாள். “என்னங்க, மருந்துப் பாட்டில் எங்க?”

மறுமுனையில் லிஃப்ட் குழிக்குள் எங்கோ சங்கிலி ஆடும் ஓசை மட்டும் கேட்டது.

“பீரோ மேல, சூட்கேசுக்குப் பின்னால” என்றான் கடைசியில். “நீ திரும்பி வந்து ஊத்திடுவேன்னு ஒளிச்சு வெச்சேன்.” குரலைத் தாழ்த்திக்கொண்டான். “ஏன் கேக்கற? அக்கா குளிக்கப் போனப்ப... குழந்தை ரொம்ப முனகினா. நான் ஒரு மூடி குடுத்துட்டேன்.”

“நீங்களுமா!”

“நீங்களுமான்னா? வேற யாரு குடுத்தா?”

இரண்டு பெண்களும் சேர்ந்து சொன்னார்கள். ஃபோன் வழியாக மெக்கானிக் போட்ட கூச்சலில் பட்டாணி கைப்பையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

“விரலை விட்டு வாந்தி எடுக்க வையுங்க! உப்புத் தண்ணி குடுங்க! உடனே!”

“வாயை மூடு” என்றாள் கோச். களத்தில் கேட்கும் குரல் திரும்பி வந்திருந்தது. “விரலும் விடக்கூடாது, உப்புத் தண்ணியும் குடுக்கக்கூடாது. மூச்சுக்குழாய்க்குள்ள போனா அது வேற வினை. எதைக் குடுத்தோம், எப்ப குடுத்தோம், அதைச் சொன்னா போதும், மீதியை டாக்டர் பார்த்துப்பாங்க. நீ நேரா ஆஸ்பத்திரிக்கு வா.”

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஒரு இளம் டாக்டரம்மா பட்டாணியைத் தராசில் உட்காரவைத்து எடை பார்த்தாள். பட்டாணி தராசை விட்டு இறங்க மறுத்தாள். டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்து, கண்ணைப் பார்த்து, மூன்று மூடிக் கதையையும் கேட்டு முடித்தாள். சிரிக்கலாமா, திட்டலாமா என்று அவளுக்கே தெரியவில்லை.

“பாட்டிலைக் கையோட கொண்டுவந்தது நல்லது. மூடியையும் கொண்டுவந்திருக்கீங்க, ரொம்ப நல்லது. வாந்தி எடுக்க வைக்கலியே?”

“இல்ல.”

“அதுவும் நல்லது. இந்த மருந்து அளவு மீறினா ஈரலைத்தான் பாதிக்கும். அது முதல் நாள் வெளிய தெரியாது, குழந்தை இப்படித்தான் சிரிச்சுக்கிட்டிருக்கும். சிரிக்கிறாளேன்னு நீங்க வீட்டுல உட்கார்ந்திருந்தா அதுதான் தப்பு.”

கோச் பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். சிரிக்கிறாளே என்றுதான் அவளும் நினைத்தாள்.

டாக்டரம்மா எடையையும் மருந்தையும் போட்டுக் கணக்குப் பார்த்தாள். விஷ முறிவு நிலையத்துக்கு ஃபோன் செய்து ஒருவரிடம் பேசினாள். “நீங்க சொல்ற அளவு உண்மைன்னா ஆபத்துக் கோட்டுக்குக் கீழதான் இருக்கு. ஆனா மூணு பேர் தனித்தனியா ஒளிச்சுக் குடுத்த கணக்கை நம்பி நான் அனுப்ப முடியாது. கடைசியாக் குடுத்து நாலு மணி நேரம் ஆனதும் ரத்தம் எடுத்துப் பார்த்துடுவோம். அதுவரைக்கும் உட்காருங்க. தண்ணி, பால் குடுக்கலாம்.” வாசல்வரை போனவள் திரும்பினாள். “மருந்து மட்டும் யாரும் குடுத்துடாதீங்க.”

மெக்கானிக் கிரீஸ் கையோடு வந்து பெஞ்சில் விழுந்தான். மூவரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். பட்டாணி அப்பாவின் இடுப்பிலிருந்து டேப்பை உருவி, இழுத்து, விட்டு, அது சுருட்டிக்கொண்டு உள்ளே ஓடுவதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். ஒவ்வொரு சிரிப்புக்கும் மூன்று பெரியவர்களுக்கும் உயிர் போய் வந்தது.

“லிஃப்டுல கை வைக்கறதுக்கு முன்னாடி என்ன செய்வீங்க?” என்று மனைவி மெதுவாகக் கேட்டாள். கேள்வி மெதுவாக வந்தால் புயல் பின்னால் வருகிறது என்று அர்த்தம்.

“கரண்டை நிறுத்தி, பூட்டுப் போடுவேன். சாவி என் பாக்கெட்டுல இருக்கும்.”

“பூட்டுல என்ன மாட்டுவீங்க?”

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டான். “அட்டை. உள்ள ஆள் இருக்கு, போடாதேன்னு.”

“வீட்டுல மட்டும் பூட்டைப் போட்டீங்க, அட்டையை மாட்டலியே! குடுத்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு ஒளிச்சு வெச்சிருந்தா அண்ணி ஏன் அந்தப் பழைய பாட்டிலைத் தேடிப் போகப்போறாங்க?”

“நீ மட்டும் சொல்லிட்டா குடுத்த?”

“இல்லை” என்றாள் அவள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “வேண்டாம்னு நீங்க ஒத்தக்கால்ல நின்னீங்க. குடுத்தேன்னு சொன்னா சண்டை வரும்னு மறைச்சேன்.”

“நான் வேண்டாம்னு சொல்லிட்டுக் குடுத்தேன்னா என் மானம் என்ன ஆகறது?” என்றான் அவன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கிறது என்று அவன் காதிலேயே விழுந்தது. வெட்கத்தில் சிரித்துவிட்டான். மனைவி அழுதுகொண்டே சிரித்தாள். கோச்சால் சிரிக்க முடியவில்லை.

“ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூடி சரியான மருந்தைத்தான் குடுத்தீங்க. பெரிய தப்பு என்னோடதுதான்” என்றாள். “படிக்க முடியாத பாட்டிலை எடுத்துக் குழந்தை வாயில கவிழ்த்தேன். கண்ணாடி போட்டா கிழவின்னு நினைப்பாங்கன்னு. எனக்கு வயசாயிடுச்சுன்னு ஊருக்கே தெரியும், எனக்குத்தான் தெரியல. அந்தக் காப்பகத்துலயே சேர்த்துடுங்க. நான் தப்பா நினைக்க மாட்டேன்.”

தம்பி மனைவி எழுந்து, ஃபோனை எடுத்துக்கொண்டு நடைக்கூடத்தின் கோடிவரை போனாள். யாரிடமோ பேசிவிட்டுத் திரும்பிவந்து உட்கார்ந்தாள். என்ன பேசினாள் என்று கேட்கக் கோச்சுக்குத் தைரியம் வரவில்லை.

ரத்தம் எடுத்தபோதுதான் பட்டாணிக்கு அந்த இடம் பிடிக்காமல் போனது. அவள் போட்ட கூச்சலில் பக்கத்து அறைக் குழந்தையும் சேர்ந்து அழுதது. கோச் அவளை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “ஆச்சு, ஆச்சு, கடைசி பாயிண்ட், ஆச்சு” என்று சொல்லிக்கொண்டே தானும் அழுதாள். அணி தோற்றுப் போனபோதெல்லாம் கண்ணில் சொட்டுத் தண்ணீர் வராத மனுஷி. இப்போது மூக்கைத் துடைக்கக் கைக்குட்டை இல்லாமல் தம்பியின் சட்டைத் தோளில் துடைத்துக்கொண்டாள். கன்னமெல்லாம் கிரீஸ் ஆனது.

பிறகு காத்திருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. குழந்தை அழுத களைப்பில் தூங்கிப்போனது. தூங்கினாலும் பயமாக இருந்தது. மாற்றி மாற்றி மூச்சைப் பார்த்தார்கள்.

டாக்டரம்மா வந்தாள். அவள் முகத்திலேயே சேதி இருந்தது.

“நல்லா இருக்கா. ரத்தத்துல பயப்படற அளவுக்கு ஒண்ணுமில்ல. வீட்டுக்குப் போகலாம்.”

மெக்கானிக் பெஞ்சிலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அவன் முதுகு குலுங்கியது. மனைவி அவன் முதுகில் கை வைத்தாள்.

“இன்னைக்கு இனிமே மருந்து கிடையாது” என்று டாக்டரம்மா தொடர்ந்தாள். “காய்ச்சல் திரும்ப வரலாம். வந்தா பதற வேண்டாம். நீர் ஆகாரம் நிறைய குடுங்க. துவண்டு போனாலோ, குடிக்கவே மாட்டேன்னாலோ, வலிப்பு வந்தாலோ, வாந்தி நிக்காம போனாலோ உடனே கொண்டு வாங்க. பழைய பாட்டிலைத் தூக்கிப் போடுங்க. மருந்து குடுக்கறது ஒருத்தர் வேலையா இருக்கட்டும். குடுத்தா மத்தவங்களுக்கு அப்பவே சொல்லணும். இவ்வளவு பாசக்காரக் குடும்பம் குழந்தை உடம்புக்கு ஆகாது.”

மூன்று பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரித் தலையாட்டினார்கள்.

வெளியே மாலை வெயில் சாய்ந்திருந்தது. மெக்கானிக் வண்டியை எடுத்துவரப் போனான். கோச்சின் தோளில் பட்டாணி வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். அவளுடைய எச்சில் தோளை நனைத்தது. கோச்சுக்கு அதைத் துடைக்கத் தோன்றவில்லை.

“நாளைக்குக் காலையில நான் சீக்கிரம் கிளம்பணும்” என்றாள் தம்பி மனைவி. “இன்னைக்கு மத்தியானத்தோட ஓடி வந்துட்டேன். கடையில ஆள் இல்ல.”

“சரிம்மா. காப்பகத்துல எத்தனை மணிக்குத் திறக்கறாங்க?”

“அவங்ககிட்ட வரலன்னு சொல்லிட்டேன். அதுக்குத்தான் ஃபோன் பண்ணினேன்.”

கோச் அவள் பக்கம் திரும்பினாள். “பயமா இல்லியா உனக்கு?”

“இருக்கு. யார்கிட்ட விட்டாலும் இருக்கும். தப்பே பண்ணாத ஆளை நான் எங்க போய்த் தேடறது? நானே இன்னைக்குப் பண்ணியிருக்கேன். ஆனா அண்ணி, நான் கேக்கவே இல்ல. பாட்டிலைக் கொண்டுவந்து என் கையில குடுத்தீங்க. கண்ணு தெரியலன்னு நீங்க வாயால சொல்லுவீங்கன்னு நான் கனவுலகூட நினைக்கல. நீங்க சொல்லாம இருந்திருந்தா நான் மறுபடி கடைக்குப் போயிருப்பேன்.” அவள் குழந்தையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். “எதையும் மறைக்கத் தெரியாத மனுஷி நீங்க. எனக்கு அது போதும்.”

இந்தக் கடைசி வாக்கியம் இல்லாமலிருந்தால் கோச் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பாள். சாப்பிட்டுத் தூங்கியிருப்பாள். நாமும் இந்த வாரத்தை இத்தோடு முடித்துக்கொண்டிருக்கலாம்.

“மறைக்கத் தெரியும்” என்றாள் கோச்.

“என்னது?”

“என் வீடு காய்ஞ்சு ரொம்ப நாளாச்சும்மா. சாயம்கூட அடிச்சாச்சு. சாவி என் பையிலதான் கிடக்கு. இன்னும் ஈரமா இருக்குன்னு நான் சொன்னதெல்லாம் பொய்.”

தம்பி மனைவி அவளையே பார்த்தாள்.

“அப்ப, போக இடமில்லாம நீங்க எங்க வீட்டுல இல்லை?”

“இல்ல.”

“எங்களுக்காகப் பல்லைக் கடிச்சுக்கிட்டும் இல்லை?”

“பல்லையா? இவளை விட்டுட்டு ஒரு ராத்திரி என்னால தூங்க முடியாதும்மா. கேக்க வெட்கமா இருந்துச்சு. கேட்டு, நீங்க ரெண்டு பேரும் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டா? அதான்.”

தம்பி மனைவிக்குக் கண் கலங்கியது. “இத்தனை நாளா நான் என்ன நினைச்சுக்கிட்டிருந்தேன் தெரியுமா? வீடு ரெடியானதும் நீங்க போயிடுவீங்க, அப்ப குழந்தை உங்களைத் தேடி அழுவா, அதுக்கு முன்னாடியே வேற இடம் பழக்கிடணும்னுதான் அந்தக் காப்பகத்தையே போய்ப் பார்த்தேன்.”

கோச் தோள்மீது தூங்குகிறவளை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றி அணைத்துக்கொண்டாள். தம்பி மனைவி, தன் கைப்பையையும் மருந்துப் பையையும் அண்ணியின் பையையும் சேர்த்து ஒரே தோளில் மாட்டிக்கொண்டு, “வாங்க, நம்ம வீட்டுக்குப் போகலாம்” என்றாள்.

அப்போதுதான் பின்னாலிருந்து குரல் வந்தது. மெக்கானிக் எப்போது வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான், எவ்வளவு கேட்டான் என்று தெரியவில்லை.

“சாவி உன் பையிலயா இருக்கு?”

“ஆமாடா.”

“வீட்டுக்காரர் குடுத்துட்டாரா?”

“குடுத்துட்டார்டா. நல்ல மனுஷன்.”

மெக்கானிக் ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்தான். இன்றைக்கு அவன் முகம் எத்தனையோ தரம் வெளுத்திருந்தது. இந்த வெளுப்பு புதுசு.

“அக்கா, அந்த நல்ல மனுஷன் வீட்டைத் திருப்பித் தராம உன்னை ஏமாத்தறார்னு நான் குடியிருப்போர் சங்கத்துல எழுதிக் குடுத்திருக்கேன். நாளைக்குக் காலையில விசாரணை. உன்னையும் கூட்டிக்கிட்டு வரச் சொல்லியிருக்காங்க.”